தரை வெளிச்சம்

எங்கள் ஊரில் பகல் வெளிச்சம் முதல்முறையாக எழுபது சதவீதத்துக்கு இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. இறக்கியவன் நான்தான், ஆனால் வேண்டுமென்று இறக்கவில்லை. உப்பளப் பெண்கள் சங்கத்தின் பழைய லேப்டாப்பில் சூரியன் படம் போட்ட பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்க்க அதை மூன்று தடவை அழுத்தினேன், அவ்வளவுதான். லேப்டாப்பின் திரை இருந்தபடியே இருந்தது. என் கடைக்கு வெளியே ரோடும் பஸ் ஸ்டாப்பும் அதற்கப்பால் உப்பளமும் மங்கின.

என் பெயர் ஞானசிகாமணி. தூத்துக்குடிக்குத் தெற்கே கீழத்தருவையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஊருக்குக் கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் உப்பளம், நடுவில் நாங்கள். என்னைக் கோபக்காரன் என்பார்கள். போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டும்போது பக்கத்தில் வந்து நின்று தும்மினால் யாருக்குத்தான் கோபம் வராது? என் மனைவி தங்கபுஷ்பம் இருபத்திரண்டு வருஷமாக அளத்தில் உப்பு வாருகிறவள், சங்கத்துக்குத் தலைவி. ஏதோ ஒரு கம்பெனி தூக்கிப்போட இருந்த லேப்டாப்பை அன்பளிப்பு என்று ஸ்டிக்கர் ஒட்டி, போட்டோ எடுத்து, சங்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அது எழுந்திருக்க இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டு, எழுந்ததும் லைசென்ஸ் எங்கே என்று கேட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது. தங்கபுஷ்பம் அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேஜைமேல் வைத்தாள். "நாப்பது பொம்பளையளுக்கு நலவாரியத்துல பேரு பதியணும். இத ஓட வையுங்க," என்றாள்.

நான் உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு லினக்ஸைப் போட்டேன். லினக்ஸ் யாருக்கும் சொந்தமில்லை, யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். அதிலுள்ள இங்கிலீஷ் வார்த்தைகளைத் தமிழாக்கிப் போட உலகத்தில் அங்கொருவரும் இங்கொருவருமாகச் சிலர் உண்டு, அவர்களில் நானும் ஒருவன். சம்பளம் கிடையாது. பாராட்டும் கிடையாது. போடும்போது ஊர் எது என்று கேட்டது, பட்டியலைப் பார்த்தால் நம் நாட்டுக்கென்று கல்கத்தா ஒன்றுதான் இருந்தது, கீழத்தருவைக்காரனுக்குக் கல்கத்தா எதற்கு என்று எரிச்சல் வந்து ஒரு ஃபைலைத் திறந்து எங்கள் ஊர்ப் பெயரையே அடித்துவிட்டேன். பிறகு ஆரம்பித்தது பாடு. வைஃபை வரவில்லை. வைஃபைக்கு டிரைவர் இல்லை என்று நான் தலையில் அடித்துக்கொண்டபோது, சங்கத்துப் பொன்னுக்கனி, "எங்க வீட்டுக்காரர வரச்சொல்லவா அண்ணாச்சி, லாரியே ஓட்டுவாவ, இத ஓட்ட மாட்டாவளா?" என்று கேட்டாள், கடையே சிரித்தது, எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வைஃபைக்கு மூன்று நாள், சத்தத்துக்கு இரண்டு நாள், அதுவும் ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும், மவுஸுக்குப் பதிலாக விரலால் தடவும் பலகைக்கு ஒரு நாள். ஒவ்வொன்றாக உயிர் வந்தது. கடைசியில் மிச்சமிருந்தது திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தப் பொத்தான்.

வெளிச்சம் மங்கியதும் அளத்தில் இருந்தவர்கள் மேகம் என்று நினைத்து அண்ணாந்து பார்த்தார்கள். மேகம் இல்லை. சூரியன் அவித்த முட்டையின் மஞ்சள்கருபோல உச்சிக்குப் போகும் வழியில் உட்கார்ந்திருந்தது, அதை வெறும் கண்ணால் பார்க்க முடிந்தது. அளத்து வேலை தெரிந்தவர்களுக்கு இது என்னவென்று தெரியும்: கீழே பாத்தியெல்லாம் வெள்ளை, மேலே வெயில், இரண்டுக்கும் நடுவில் நிற்கிற மனுஷியின் கண்ணை இரண்டும் சேர்ந்து அரைக்கும். அன்று அரைக்கவில்லை. ஒவ்வொருத்தியாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்கள். பத்துப் பதினைந்து வருஷம் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் நின்றவர்கள், வேலைநேரத்தில் ஒருத்தி கண்ணை ஒருத்தி பார்த்தது அன்றுதான். "ஏளா, உனக்குப் பூனைக் கண்ணா?" என்று பொன்னுக்கனியைப் பார்த்து யாரோ கேட்டார்களாம்.

நான் லேப்டாப்பைக் குடைந்து பார்த்து, ஒரு மணி நேரத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தேன். அமைப்புகள் பக்கத்தில் 'திரை வெளிச்சம்' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'தரை வெளிச்சம்' என்று இருந்தது. 'த' எழுத்தின் தலைமேல் போடவேண்டிய வளைவு விட்டுப்போயிருந்தது. தமிழாக்கியவன் பெயர் கீழே இருந்தது, என் பெயர். போன வருஷம் கடையில் ஒரு கையால் கிளாஸ் ஒட்டிக்கொண்டு மறு கையால் அடித்த வரி அது. மெசினுக்குச் சொன்னதைச் செய்யத்தான் தெரியும். மற்ற ஊர்களில் ஏன் இப்படி ஆகவில்லை என்று கேட்பீர்கள். மற்ற ஊர்களில் யாரும் தமிழில் வைத்துக்கொள்வதில்லை, வேறென்ன.

உடனே திருத்தியிருக்க வேண்டும். கையும் அந்த எழுத்துமேல் போனது. அப்போது தங்கபுஷ்பம் அளத்திலிருந்து வந்தாள், வழக்கமாக முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்து வருகிறவள், அன்று தலையை நிமிர்த்தி வந்தாள். "தெப்பத்துல பூநாரை நிக்கி," என்றாள். தெப்பம் என்பது கடல்தண்ணீரை முதலில் தேக்கும் பெரிய குட்டை. "வருஷா வருஷம் வருமாம். நான் இன்னிக்குத்தான் பாக்கேன். காலெல்லாம் ரோஸ் கலருங்க." அவள் வலது கண் ஏற்கெனவே புகைந்து போயிருந்தது. இடது கண்ணைப் பார்த்த டாக்டர் பங்குனி மாசம் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்: விழித்திரை சுட்டுப்போயிருக்கிறது, இனியும் அந்த வெள்ளையில் நின்றால் இருப்பதும் போய்விடும், போனால் எந்த ஆபரேஷனும் கொண்டுவராது. அவளிடமும் சொன்னார். "சரி சார்," என்று சொல்லிவிட்டு மறுநாள் விடியுமுன் அளத்துக்குப் போனவள் அவள். அந்தக் கண்ணால்தான் பூநாரையைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். நான் கையை எடுத்துவிட்டேன். பொத்தானை இன்னும் நாலு தடவை அழுத்தி முப்பதில் நிறுத்தினேன்.

ஒரே வாரத்தில் ஊர் பழகிக்கொண்டது. கடையிலிருந்துதான் வெளிச்சம் வருகிறது என்று தெரிந்ததும் ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை, கரண்ட் ஆபீஸுக்குப் போவதுபோல என்னிடம் வந்தார்கள். மத்தியானம் தூங்க வேண்டும் இருபதாக்குங்கள் என்றார் ஒருவர். எங்கள் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள், பிள்ளை கொஞ்சம் மாநிறம், சாயங்காலம் ஐம்பதுக்கு மேல் போகவேண்டாம் என்றார் இன்னொருவர். மறுநாளே வேறொரு வீட்டிலிருந்து, எங்கள் பெண் நல்ல சிவப்பு, நூறு வையுங்கள் என்று வந்தார்கள். கல்யாண போட்டோ எடுக்கிறவர் சண்டைக்கு வந்தார். கோழிகள் மூன்று மணிக்கே கூட்டுக்குப் போய்விடுகின்றன என்று புகார். நான் எல்லாரையும் வைதுவிட்டு ஒரு அட்டவணை எழுதி சங்கக் கதவில் ஒட்டினேன். இத்தனை மணிக்கு இத்தனை. அதற்கப்புறம் ஊரில் நேரம் கேட்பது குறைந்தது. "முப்பது ஆயிட்டா?" என்பார்கள், "நாப்பதுக்கெல்லாம் வந்துருவேன்" என்பார்கள்.

அது தரை வெளிச்சம் என்பதால் கடலுக்குக் குறையவில்லை. மீன்பிடித்து வருகிறவர்கள் பளீரென்ற வெயிலிலிருந்து கரையில் காலை வைத்ததும் அந்தி. வள்ளத்தில் உட்கார்ந்தே வலையைச் சிக்கெடுத்துவிட்டு இறங்கினார்கள். மாடிக்கும் குறையவில்லை, ஏனென்றால் மாடி தரை இல்லை. ஊரில் மாடிவீடு இரண்டுதான்: ஒன்று சங்கக் கட்டடம், மற்றது அளத்து முதலாளியின் வீடு. கருவாடு காயப்போடுகிற பெண்கள் சங்கத்து மொட்டைமாடிக்குப் படியேறினார்கள், வத்தல் போடுகிறவர்கள் ஏறினார்கள், துணி உலர்த்துகிறவர்கள் ஏறினார்கள், கடைசியில் பச்சைப்பிள்ளைக்கு வெயில் காட்டவும் வரிசை நின்றது. முதலாளி தன் மாடியில் தனியாக நின்றார், முழு வெயிலில், நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, மங்கிக் கிடக்கிற தன் பாத்திகளைப் பார்த்தபடி.

அவர் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் ஒன்றும் செய்யவில்லை, காத்திருந்தார். உப்புதான் சண்டைக்கு வந்தது. முப்பதில் தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது. பாத்தியில் பத்தாம் நாள் பூக்கவேண்டிய உப்பு இருபதாம் நாளும் பூக்கவில்லை. வாருவதற்கு ஒன்றுமில்லாமல் பெண்கள் பலகையை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஐம்பதாக்கினேன், மேலே ஆடைபோல ஏதோ வந்தது, விரல் பட்டதும் கரைந்தது. எழுபதாக்கினேன், பொடியாக, ஈரமாக, ஒருவகை கசப்போடு விளைந்தது, லாரிக்காரன் பார்த்துவிட்டுக் காலி லாரியோடு போனான். ஒருநாள் முதலாளி கணக்கப்பிள்ளையை அனுப்பித் தண்ணீர் இறைக்கிற மோட்டார் ரூமைப் பூட்டினார். "விளையாத பாத்திக்கு யாருக்கு வேலை கொடுக்க?" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அப்போது ஆனி மாசம், அளத்தில் வேலை உச்சத்தில் இருக்கவேண்டிய காலம். ஐப்பசியில் மழை வந்தால் அப்புறம் தை வரைக்கும் எவளுக்கும் வேலை கிடையாது, இப்போது வாரினால்தான் அப்போது சோறு.

சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். நாற்பது பேரும் வந்தார்கள், நான் லேப்டாப்போடு மூலையில் உட்கார்ந்திருந்தேன். தங்கபுஷ்பம் முன்னால். யார் என்ன பேசினாலும் அது அவள் கண்ணைப் பற்றிய பேச்சு என்று எல்லாருக்கும் தெரியும். கடைசியில் பொன்னுக்கனி எழுந்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதிய. கண்ணுக்குக் குளுமையாத்தான் இருக்கு. ஆனா அடுப்பு பத்த மாட்டேங்கே."

என்னால் பொறுக்க முடியவில்லை. "அப்ப ஒருத்தியோட கண்ணு போனா பரவால்லையா?" என்று கத்தினேன். "அவ குருடியானா நீங்க எல்லாம் வந்து கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவியளா?"

பின்வரிசையில் இருந்த ராஜக்கனி, வயசான மனுஷி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுடைய இரண்டு கண்ணும் பால்விட்ட மாதிரி இருந்தன. "எங்களுக்கு மட்டும் கண்ணு என்ன கல்லாய்யா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அப்புறம் தங்கபுஷ்பம் பேசினாள். பொத்தான் இருக்கிறவரைக்கும் ஆளாளுக்கு ஏற்று, இறக்கு என்று அடித்துக்கொள்வார்கள், அதனால் நூறில் வைத்தால் மட்டும் போதாது, எழுத்துப்பிழையையே திருத்திவிட வேண்டும் என்றாள். "சம்மதம்னா கையத் தூக்குங்க," என்றவள் முதல் கையைத் தானே தூக்கினாள். அவள் கை எழுந்ததும் மற்ற கைகள் எழுந்தன. சில பேர் அழுதுகொண்டே தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது.

வீட்டுக்கு வரும் வழியில் அவளோடு மல்லுக்கு நின்றேன். நீ அளத்துக்குப் போகவேண்டாம், கடை வருமானம் நம் இரண்டு பேருக்குப் போதும், கஞ்சி குடித்தாலும் கண்ணோடு குடிப்போம் என்று சொன்னேன். "கை தூக்குன முத ஆளு நானு," என்றாள். "வெளிச்சத்தப் போடச் சொல்லிட்டு நான் வீட்டு நெழல்ல உக்காந்துருந்தா அவளுவ மூஞ்சில எப்படி முழிக்க?" நூலகத்துப் பக்கம் வந்ததும் நின்று, யாரும் வருகிறார்களா என்று பார்த்துவிட்டு, என் சட்டைக்கையைப் பிடித்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் தனக்கென்று ஒன்று கேட்டது கிடையாது.

"திருத்துறதுக்கு முன்னால அஞ்சு மட்டும் குறைச்சு வச்சிருங்க. அப்படியே நின்னுரும்லா? அஞ்சு குறைஞ்சா உப்புக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"வைக்கேன்," என்றேன்.

மறுநாள் காலை அப்படியே செய்தேன். பொத்தான் பத்துப் பத்தாகத்தான் குறைக்கும், அதனால் எண்ணைக் கையால் அடித்துத் தொண்ணூற்றைந்தில் நிறுத்தினேன். பிறகு 'தரை'யைத் திறந்து, விட்டுப்போன வளைவைப் போட்டு, 'திரை'யாக்கி, சேமித்து, லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். அணைந்த நிமிஷத்தில் வெளியே வெயில் திரும்பியது. கண் கூசியது. ரோட்டுக்கு எழுந்து போய்ப் பார்த்தேன். எனக்கு அளவு தெரியும், இரண்டு மாசமாக அதே வேலையாக இருந்தவன். அது தொண்ணூற்றைந்து இல்லை. நூறு, ஒரு இழைகூடக் குறையாத நூறு.

அதற்கப்புறம் நான் செய்ததையெல்லாம் சொன்னால் பைத்தியம் என்பீர்கள். வளைவை எடுத்துவிட்டுத் திரும்பவும் 'தரை' என்று அடித்தேன்; திரைதான் மங்கியது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து போட்டேன், கல்கத்தாவை அடித்து ஊர்ப் பெயரைப் போட்டேன், போன வருஷத்துப் பழைய பதிப்பைத் தேடி எடுத்துப் போட்டேன், கிளாஸ் ஒட்டிக்கொண்டே ஒரு கையால் அடித்தும் பார்த்தேன். பிழையை வேண்டுமென்று செய்தால் அது பிழையாக இல்லை. லேப்டாப் எழுந்தது, வைஃபை வந்தது, இரண்டு ஸ்பீக்கரிலும் சத்தம் வந்தது, பொத்தான் எதை மங்கவைக்க வேண்டுமோ அதை மங்கவைத்தது, உலகத்தில் எல்லா லேப்டாப்பும் எப்படி ஓட வேண்டுமோ அப்படி ஓடியது. எடுத்து ஓங்கிச் சுவரில் அடிக்கலாம் என்று இருந்தது. நாற்பது பேர் பெயரையும் அதில்தான் பதிந்தேன்.

திருத்திய அன்று மத்தியானம் அவள் வந்து, "அஞ்சு வச்சியளா?" என்று கேட்டாள். "வச்சிட்டேன்," என்றேன். "தெரியுது," என்றாள், சந்தோஷமாக. "சுள்ளுன்னு இருந்தாலும் ஒரு பதம் இருக்கு." நான் கடைக்குள் போய் கேஷ் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு அழுதேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் போயிருக்க மாட்டாளா? போயிருப்பாள். ஆனால் தெரிந்து போயிருப்பாள்.

உப்பு விளைந்தது. மோட்டார் ரூமைத் திறந்தார்கள், லாரிகள் வந்தன, வரப்போரத்தில் அம்பாரங்கள் எழுந்தன, அடுப்புகள் பற்றின. கோழிகள் சரியான நேரத்துக்குக் கூட்டுக்குப் போயின. ஊர் எதையும் பழகிக்கொள்கிற வேகத்தில் மறந்தும் போனது. ஆடி முடிவதற்குள் சங்கக் கதவில் இருந்த அட்டவணையைக் கிழித்துவிட்டு யாரோ காதுகுத்து நோட்டீஸ் ஒட்டினார்கள், முப்பதும் நாற்பதும் பேச்சிலிருந்து போய் மணி திரும்ப வந்தது, கறுப்புக் கண்ணாடிகள் முகங்களுக்குத் திரும்பின. பூநாரைகள் எப்போது போயின என்று யாரும் கவனிக்கவில்லை.

ஆவணி பத்தாம் தேதி, மணி பன்னிரண்டு இருக்கும். ரோட்டுத் தார் இளகுகிற வெயில். தங்கபுஷ்பம் பொன்னுக்கனியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கால் தடுக்கிவிட்டதோ என்று நினைத்தேன். பொன்னுக்கனி அவளைக் கடை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றாள்.

"ஏங்க, இருக்கியளா?" என்றாள் தங்கபுஷ்பம். நான் அவளுக்கு நேரே, கையெட்டும் தூரத்தில் நின்றிருந்தேன்.

"இருக்கேன்."

"ஏன் இம்புட்டு குறைச்சுட்டிய?" குரலைத் தணித்துக்கொண்டாள். "நான் அஞ்சுதான கேட்டேன்? ஒரு வாரமா தெனமும் கொஞ்சங் கொஞ்சமாக் குறைக்கிய, நானும் ஒண்ணுஞ் சொல்லாம இருந்தேன். இன்னிக்குப் பத்து மணிக்கெல்லாம் பொழுதடைஞ்ச மாதிரி ஆயிட்டு. எனக்குச் சொகமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. ஆனா மத்தவளுவ பாவம்லா. உப்பு விளையாதுல்லா. எவளும் ஒண்ணும் கேக்கல, எனக்காகத்தான் பொறுத்துக்கிட்டு இருக்காளுவ."

பொன்னுக்கனி ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எம்புட்டுல வச்சிருக்கிய?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

"முப்பது," என்றேன்.

"அட பாவி மனுஷா." அவள் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருஷம். "எம்மேல இம்புட்டு ஆசையா? ஏத்துங்க. நான் இங்க இருக்கும்போதே ஏத்துங்க, நாளைக்கு நாளைக்குன்னு சொல்லி ஏமாத்துவிய."

"சரி, ஏத்துதேன்."

"ஏத்திட்டியளா?"

"ஏத்திட்டேன், புஷ்பம்."

அவள் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, முந்தானையை நெற்றிவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, வெளிச்சம் வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.